மூளையின் காவலர்களும் பாட்டியின் பூச்சரமும்

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்முன் பாட்டியின் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க யாரு? வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லியே" என்றார்.

பாட்டிக்கு 84 வயது. நான்கு ஆண்டுகளாக முதுமை மறதி நோய். என் பெயர் அவருக்கு மறந்து வெகுநாளாகிவிட்டது. சித்தப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். ஆனாலும் நான் வீட்டுப் பிள்ளை என்பது மட்டும் அவருக்கு மறந்ததில்லை. என்னை "நீங்க" என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நோய் முத்திடுச்சுப்பா, வயசானா அப்படித்தான்" என்றார் அத்தை. நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம். புதன்கிழமை பாட்டி சாப்பிடவில்லை. வியாழக்கிழமை எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. பதறியடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி பாட்டியின் ஞாபகத்தைப் பற்றியதே அல்ல. "சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா?" என்றுதான் கேட்டார்.

சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று. மருந்து ஏற்றினார்கள். பத்து நாள்களில் நான் மறுபடியும் சித்தப்பா ஆனேன். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. தேக்காவில் இருந்து உதிரி மல்லிகை வாங்கி வந்தால், எந்த மறதியும் அண்டாமல் பாட்டியின் விரல்கள் அதைச் சரமாகத் தொடுத்துவிடும். தொற்று குணமான பிறகு பூவையும் நாரையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களுக்கு வேலை மறந்துபோயிருந்தது.

தொற்று வந்தது வயிற்றுக்குக் கீழே. மூளையில் இருந்த பூச்சரம் ஏன் அறுந்தது? உயர்நிலைப் பள்ளியோடு உயிரியல் பாடத்துக்கு விடைகொடுத்த என்னை, இந்தக் கேள்விதான் கடந்த சில மாதங்களாகப் படிக்க வைத்தது. அப்படிப் படித்தபோது எதிர்ப்பட்ட ஒரு விஞ்ஞானியின் கதையை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அவர் பாதி வென்றார், பாதி தோற்றார். தேர்வுக்கும் வாழ்க்கைக்கும் தயாராகிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த இரண்டு பாதிகளுமே தேவை என்பது என் கருத்து.

கூடைப்பந்து வீரர், வேதியியலாளர், அமைச்சர்

கனடாவின் வான்கூவரில் 1927ல் பிறந்தவர் பேட்ரிக் மெக்கீர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவின் கூடைப்பந்து அணியில் ஆடினார். பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, டூபான்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் ஈடித் என்ற வேதியியலாளரைச் சந்தித்தார். 1954ல் இருவரும் மணம் முடித்து வான்கூவருக்கு வந்தார்கள். பேட்ரிக் மறுபடியும் மாணவராகி மருத்துவம் படித்தார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து மூளையை ஆராயத் தொடங்கினார்கள்.

இதற்கிடையே பேட்ரிக் அரசியலிலும் இறங்கினார். 1962ல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார், பின்னர் கல்வி அமைச்சராகவும் இருந்தார். அந்த ஆண்டுகளிலும் ஆய்வுக்கூடத்தை அவர் கைவிடவில்லை. "எந்தப் பாடம் எடுத்தால் எதிர்காலம் உண்டு?" என்று இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதும் மாணவர்கள் இந்த வாழ்க்கையைச் சற்று நேரம் யோசித்துப் பார்க்கலாம்.

1980களில் மூளையைப் பற்றி விஞ்ஞானிகளிடையே ஓர் உறுதியான எண்ணம் நிலவியது. உடலின் மற்ற பகுதிகளில் நடக்கும் நோய் எதிர்ப்புப் போர் மூளைக்குள் நடக்காது என்பதுதான் அது. மூளையைச் சுற்றி ஒரு தடுப்பு இருக்கிறது, உள்ளே காவல் படைக்கு வேலை இல்லை என்று பாடநூல்கள் சொல்லின. அல்சைமர் நோயில் நரம்பணுக்கள் தாமாகவே தேய்ந்து அழிகின்றன என்றுதான் பலரும் கருதினார்கள்.

மெக்கீர் தம்பதியின் குழு, அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுக்களை எடுத்து ஒரு சோதனை செய்தது. நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்ளும்போது தங்கள் மேற்பரப்பில் ஒரு புரதத்தைக் கொடிபோல் உயர்த்திக் காட்டும். எச்எல்ஏ-டிஆர் என்பது அதன் பெயர். அந்தக் கொடியை மட்டும் நிறமேற்றிக் காட்டும் சாயமுறையைப் பயன்படுத்தினார்கள். காவலே இல்லை என்று சொல்லப்பட்ட மூளையில் அந்தக் கொடி பல இடங்களில் தெரிந்தது. அல்சைமர் நோயின் அடையாளமான அமிலாய்ட் படிவுகளைச் சுற்றி, விழித்தெழுந்த அணுக்கள் கூட்டமாக நின்றன. இது வெளியானது 1987ல். மறு ஆண்டு பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும், உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில், அதையே கண்டார்கள்.

அந்த அணுக்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். அவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளிச் சாயத்தைக் கொண்டு அவற்றை 1919லேயே அடையாளம் கண்டு பெயரும் வைத்துவிட்டார். அதன்பிறகு பல பத்தாண்டுகள் அவற்றை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. மூளை என்றால் நரம்பணு என்று எல்லாரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழற்சி என்றால் என்ன?

கொசு கடித்த இடம் சிவந்து தடிக்கிறது. சளி பிடித்தால் தொண்டை வலிக்கிறது. இதுதான் அழற்சி. கிருமியோ காயமோ ஏற்பட்ட இடத்துக்கு உடல் தன் படையை அனுப்புகிறது. அந்தப் படை கிருமியைக் கொல்லும், சேதமான திசுவைத் துப்புரவாக்கும், பிறகு கலைந்து போகும். வலியும் வீக்கமும் அந்த வேலையின் அடையாளங்கள். படை கலையாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் முகாம் போட்டுவிட்டால்தான் சிக்கல். எதிரிக்கு எறியும் கல் சொந்த வீட்டுக் கண்ணாடியையும் உடைக்கும்.

மூளைக்குள் அந்தப் படைதான் மைக்ரோகிளியா. ஆரோக்கியமான மூளையில் அவை தூங்கிக்கொண்டிருப்பதாக முன்பு நினைத்தார்கள். 2005ல் உயிருள்ள எலியின் மூளையைச் சிறப்பு நுண்ணோக்கியால் பார்த்தபோது, அவை தங்கள் மெல்லிய கைகளை ஓயாமல் நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருப்பது தெரிந்தது. வீவக அடுக்குமாடியில் ஒவ்வொரு தளமாக நடந்து பார்க்கும் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கீர் தம்பதி அடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தக் காவல் படை அடங்காமல் கொதித்து நரம்பணுக்களையும் சேர்த்து அழிக்கிறதோ? அப்படியானால், அழற்சியைத் தணிக்கும் மருந்து அல்சைமரைத் தடுக்க வேண்டும் அல்லவா?

கைக்கெட்டும் தூரத்தில் மருந்து

அதைச் சரிபார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்த வழி எளிமையானது. முடக்குவாத நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் அழற்சி தணிக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அல்சைமர் வருகிறது என்று பதிவேடுகளைப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. 1990ல் அதை வெளியிட்டார்கள். 1996ல் இதுபோன்ற 17 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோதும் அதே திசையில்தான் முடிவு வந்தது.

இதற்கு நடுவே, 1993ல் இண்டோமெதசின் என்ற அழற்சி மருந்தைக் கொண்டு அவர்கள் பங்கேற்ற ஒரு சிறு பரிசோதனை ஆறு மாதம் நடந்தது. மருந்து எடுத்தவர்களின் நினைவாற்றல் சரியாமல் நின்றதுபோல் தெரிந்தது. ஆனால் வயிற்றுக் கோளாறு தாங்காமல் சிலர் பாதியில் விலகினார்கள்.

2001ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 6,989 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு வெளியானது. இத்தகைய மாத்திரைகளை இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் அல்சைமர் அபாயம், எடுக்காதவர்களைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. மருந்துக்கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் மாத்திரையால் உலகின் மிகக் கொடிய நோய்களில் ஒன்றைத் தடுத்துவிடலாம் போல் இருந்தது. அந்த நேரத்தில் இந்தச் செய்தியை நான் படித்திருந்தால், பாட்டிக்கு அன்றே ஒரு அட்டை மாத்திரை வாங்கியிருப்பேன்.

அப்படி வாங்கியிருந்தால் அது தவறாகியிருக்கும்.

பரிசோதனை சொன்ன பதில்

ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று அறிய நம்பத்தகுந்த வழி ஒன்று உண்டு. ஆள்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மறு பகுதிக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரையும் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, சாப்பிடுபவருக்கும் தெரியக்கூடாது.

ஏற்கனவே அல்சைமர் வந்துவிட்ட 351 பேரிடம் அமெரிக்காவில் அப்படிச் சோதித்தார்கள். 2003ல் முடிவு வந்தது: நோயின் வேகம் குறையவில்லை. நோய் வரும்முன்பே கொடுத்தால்? 2001ல் தொடங்கிய இன்னொரு பெரும் பரிசோதனையில், குடும்பத்தில் அல்சைமர் இருந்த, 70 வயதைக் கடந்த 2,528 பேர் சேர்ந்தார்கள். இந்த வகை மருந்துகளால் இதயத்துக்கு ஆபத்து வரலாம் என்ற கவலையால் 2004 டிசம்பரில் மருந்து கொடுப்பதை நிறுத்தினார்கள். 2007ல் வெளிவந்த முடிவின்படி, மருந்து நோயைத் தடுக்கவில்லை. 2019ல் கனடாவின் மொன்றியலில், நோய் அறிகுறி எதுவும் இல்லாத 195 பேரிடம் இரண்டு ஆண்டு நடந்த ஆய்விலும் பலன் தெரியவில்லை.

அப்படியென்றால் முடக்குவாத நோயாளிகளிடம் கண்டது பொய்யா? எண்கள் பொய்யில்லை. அவற்றுக்கு வேறு விளக்கங்களும் இருக்கலாம் என்பதுதான் விஷயம். மறதி தொடங்கியவர் தன் மூட்டுவலியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அதனால் அவருக்கு மாத்திரை எழுதப்படாமல் போயிருக்கலாம். அப்போது மாத்திரை மறதியைக் குறைத்ததாகத் தோன்றும். உண்மையில் மறதிதான் மாத்திரையைக் குறைத்திருக்கும். இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. கணித வகுப்பில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இந்தப் பாடத்துக்கு, ஆயிரக்கணக்கானோரின் ஆண்டுகள் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

மருந்தைத் தாமதமாகக் கொடுத்ததே தோல்விக்குக் காரணம் என்பது பேட்ரிக் மெக்கீரின் வாதம். அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நோய் மூளையில் தொடங்கிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அவரது வாதத்தைப் பெரிய பரிசோதனை எதுவும் உறுதி செய்யவில்லை. அவர் 2022ல் 95 வயதில் காலமானார்.

காவலர் இல்லாத வீடு

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2013ல் ஐஸ்லாந்திலும் பிரிட்டனிலும் இருந்த இரு குழுக்கள் தனித்தனியே ஒரே மரபணுவைச் சுட்டிக்காட்டின. டிரெம்2 என்ற அந்த மரபணுவில் ஏற்படும் ஓர் அரிய மாற்றம், அல்சைமர் அபாயத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது. மூளையில் டிரெம்2 வேலை செய்வது எங்கே தெரியுமா? மைக்ரோகிளியாவில்.

மெக்கீர் தம்பதி கைகாட்டிய அணுக்கள் நோயின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவை அல்ல என்பது மரபணுவின் வழியாக உறுதியானது. அதில் அவர்கள் வென்றார்கள். ஆனால் இன்னொரு திருப்பமும் இருந்தது. அந்த மரபணு மாற்றம் காவலரைக் கொதிக்க வைப்பதில்லை, பலவீனப்படுத்துகிறது. எலிகளில் டிரெம்2 இல்லாதபோது, மைக்ரோகிளியா அமிலாய்ட் படிவைச் சூழ்ந்து அடக்கத் தவறுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. காவலர் மிகையாக அடித்தாலும் ஆபத்து, அடிக்காமல் நின்றாலும் ஆபத்து.

அமெரிக்காவின் பாஸ்டனில் பெத் ஸ்டீவன்ஸ் குழு மூன்றாவது முகத்தைக் காட்டியது. வளரும் மூளையில் தேவைக்கு அதிகமான நரம்பு இணைப்புகள் உருவாகின்றன. குறியிடப்பட்ட இணைப்புகளை மைக்ரோகிளியா விழுங்கி, தோட்டக்காரர் கிளை கழிப்பதுபோல் ஒழுங்கு செய்கிறது. அல்சைமர் எலிகளில் அதே கழித்தல் வேலை, படிவுகள் தோன்றும் முன்னரே, தவறான காலத்தில் மறுபடி தொடங்கிவிடுகிறது என்று 2016ல் அவர்கள் எழுதினார்கள். வளர்ச்சிக்கு உதவிய அதே கத்தரி முதுமையில் நினைவை வெட்டுகிறது.

ஆகவே, "அழற்சியை அடக்கு" என்ற ஒற்றை வரி போதாது. எந்தக் காலத்தில், எந்த வேலையை, எவ்வளவு அடக்குவது என்பதே இன்று ஆய்வுக்கூடங்களில் நடக்கும் தேடல்.

பாட்டியின் கேள்விக்கு விடை

இங்கிலாந்தின் சவுத்ஹேம்டனில் அல்சைமர் நோயாளிகள் 300 பேரை ஆறு மாதம் கவனித்து 2009ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று, கீழே விழுந்த காயம் போன்றவற்றால் உடலில் அழற்சி ஏற்பட்டவர்களிடம், நினைவு சரியும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

எங்கோ நடக்கும் தொற்று பற்றிய தகவலை, இரத்தத்தில் மிதக்கும் சமிக்ஞைப் புரதங்களும் நரம்புகளும் மூளைக்கு எடுத்துச் செல்கின்றன. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் சோம்பலும் பசியின்மையும் வருவது அதனால்தான். ஆரோக்கியமான மூளை அதைத் தாங்கி மீண்டுவிடும். ஏற்கனவே நோயோடு போராடும் மூளையில் காவலர்கள் முன்கூட்டியே உசுப்பேறி நிற்கிறார்கள். சின்னச் செய்தி வந்தாலும் பெரிய அடி விழும். பாட்டியின் பூச்சரம் அப்படித்தான் அறுந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமையே கூட்டிப்போயிருந்தால் மிஞ்சியிருக்குமா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அந்த இரண்டு நாள் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

அதனால், இதை மட்டும் நினைவில் வையுங்கள். முதுமை மறதி மெல்ல மெல்லத்தான் வளரும். வீட்டில் இருக்கும் தாத்தாவோ பாட்டியோ ஓரிரு நாளில் சட்டென்று குழம்பிப்போனால், அளவுக்கு மீறித் தூங்கினால், இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பெரியவர்கள் தயங்கினால் நீங்கள் விடாப்பிடியாகக் கேளுங்கள். வீட்டில் பாட்டியோடு அதிக நேரம் இருப்பது பல குடும்பங்களில் நீங்கள்தான். மாற்றம் முதலில் உங்கள் கண்ணில்தான் படும்.

நமக்கு என்ன வேலை?

சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதுமை மறதி இருப்பதாக மனநலக் கழகத்தின் 2013 ஆய்வு சொன்னது. 2023ல் அதே ஆய்வை மறுபடி நடத்தியபோது விகிதம் 8.8 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. விகிதம் குறைந்தாலும் முதியோர் தொகை கூடிக்கொண்டே போகிறது. நம் அடுக்குமாடியில் ஒவ்வொரு தளத்திலும் இது தெரிந்த ஒரு குடும்பம் இருக்கக்கூடும்.

இந்த அறிவியல் தொலைதூர நாடுகளில் மட்டும் நடப்பதும் இல்லை. மைக்ரோகிளியா எங்கிருந்து வருகின்றன என்பது நெடுங்காலப் புதிர். கருவின் தொடக்க நாள்களில் கருவுணவுப் பையில் உருவாகும் அணுக்களே மூளைக்குள் குடியேறி, வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகின்றன என்று எலிகளைக் கொண்டு 2010ல் காட்டியவர் ஃபுளோரன்ட் ஜின்ஹூ. அந்தச் சமயம் அவர் சிங்கப்பூரின் நோய் எதிர்ப்பியல் ஆய்வு மையத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். மெக்கீர் தம்பதியின் கண்டுபிடிப்பு, இறந்தபின் மூளையைக் கொடுத்தவர்கள் இல்லாமல் நடந்திருக்காது. அப்படிக் கொடையாகக் கிடைக்கும் மூளைகளைப் பாதுகாத்து ஆராய 2019ல் சிங்கப்பூரிலும் ஒரு மூளை வங்கி தொடங்கப்பட்டது.

மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று விஷயங்கள்.

முதலாவது, அறிவியல் செய்தியைக் கேள்வி கேட்டுப் படியுங்கள். பாட்டி வீடு திரும்பிய வாரம் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் அனுப்பினார்: மூளை அழற்சியை மஞ்சள் ஒரே மாதத்தில் நீக்கும் என்று. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் அழற்சியைத் தணிப்பது உண்மை. அல்சைமர் நோயாளிகளைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. இப்படி ஒன்று வந்தால் கேளுங்கள்: சோதித்தது அணுக்களிலா, எலியிலா, மனிதரிலா? வெறுமனே கவனித்தார்களா, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்களா? தீங்கு என்ன என்று சொன்னார்களா? அறிவாளிகளான மெக்கீர் தம்பதியின் நம்பிக்கையே பெரும் பரிசோதனையில் நிற்கவில்லை என்றால், அனுப்பியவர் பெயர்கூட இல்லாத தகவலை நாம் எப்படி அப்படியே நம்புவது? மாமாவிடம் இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் அனுப்பியது அன்பினால்.

இரண்டாவது, படிப்பைப் பாதியில் விடாதீர்கள். இது வழக்கமான அறிவுரை என்று தாண்டிவிட வேண்டாம். லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் முதுமை மறதி நோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைபிடித்தல், உடற்பயிற்சி இல்லாமை, செவித்திறன் குறைவு, தனிமை எல்லாம் அதில் உண்டு. இளமையில் பெறும் கல்வி குறைவாக இருப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இன்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு நீங்கள் படிப்பது, 80 வயதில் உங்கள் மூளைக்குக் கைகொடுக்கும் சேமிப்பு. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு எம்ஆர்டியில் முழுச் சத்தத்தில் பாட்டுக் கேட்பவர்களும் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

மூன்றாவது, இந்தத் துறைக்கு வாருங்கள். மருத்துவப் படிப்பு கிடைக்காவிட்டால் உயிரியலோடு உறவு முடிந்தது என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. மெக்கீர் தம்பதி இருவரும் வேதியியலில் தொடங்கியவர்கள். மூளை ஆய்வுக்குப் புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும், கணினி நிரல் எழுதுபவர் வேண்டும், நுண்ணோக்கியைப் பழுது பார்ப்பவரும் வேண்டும். நோயாளியின் பக்கத்தில் நிற்கத் தாதியரும் இயன்மருத்துவரும் வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு.

இன்னொரு வேலைக்குப் பட்டமே தேவையில்லை. மறதி முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பது பல வீடுகளில் காணும் காட்சி. என் பாட்டி சந்தையில் சரளமாகப் பேசிய மலாய் போய்விட்டது, தமிழ் மட்டும் மிச்சம். பராமரிப்பு நிலையத்தில் இருக்கும் ஒரு தமிழ் முதியவருக்கு, "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று தமிழில் கேட்க ஆள் வேண்டும். சமூக சேவை மணிநேரத்தைக் கணக்குக் காட்டப் போனாலும் பரவாயில்லை, போங்கள். வீட்டில் பேசத் தயங்கும் தமிழுக்கு அங்கே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் தேக்காவில் இருந்து மறுபடியும் உதிரி மல்லிகை வாங்கி வந்தேன். இந்தத் தடவை பாட்டியிடம் கொடுக்காமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே தொடுத்தேன். முடிச்சு நிற்கவில்லை, பூ நழுவி விழுந்தது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, "இழுத்துக் கட்டாதடா, காம்பு அறுந்துரும்" என்றார்.

விரல் மறந்ததை வாய் வைத்திருந்தது. அன்றைக்கு நான் கட்டிய சரம் ஒரு சாண்கூட வரவில்லை. சாமி படத்துக்கு அதைத்தான் போட்டோம்.